எஸ்.எம்.பி.எஸ். மாற்றிய அன்றே ஹார்டு டிஸ்க் போய்விட்டதா?

வாசகர் கேள்வி – பதில்: கணினிப் பகுதி

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் போட்டோ ஸ்டூடியோ நடத்தி வருகிறோம். சென்ற மாதம் ஒரு நாள் இரவு மின்சாரம் விட்டுவிட்டு வந்ததில் ஸ்டூடியோவின் கணினி இயங்காமல் போனது. கணினிக்கு மின்சாரம் வழங்கும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ். போய்விட்டது என்று தெரிந்ததால், என் மகன் புதியது ஒன்றை வாங்கிவந்து தானே மாட்டினான். பழையது, புதியது இரண்டுமே கேபிள்களைத் தனியாகக் கழற்றி மாட்டும் வகையைச் சேர்ந்தவை. ஹார்டு டிஸ்க்குக்குப் போகும் பழைய கேபிள் கேபினெட்டின் பின்புறத்தில் ஒழுங்காகக் கட்டப்பட்டிருந்ததால், அதை அவிழ்க்காமல் அதன் மறுமுனையை அப்படியே புதிய எஸ்.எம்.பி.எஸ்.ஸில் செருகிவிட்டான். பொத்தானை அழுத்தியதும் 'டப்' என்று ஒரு சத்தமும் கருகிய வாடையும் வந்தன. விசிறி அரைச் சுற்றுச் சுற்றி நின்றுவிட்டது. ஹார்டு டிஸ்க்கின் கேபிளைப் பிடுங்கிவிட்டால் கணினி வழக்கம்போல் இயங்குகிறது. விண்டோஸ் மதர்போர்டிலேயே மாட்டிய எம்.2 எஸ்.எஸ்.டி.யில் இருப்பதால் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த 2 டெராபைட் டிஸ்க்கில் ஆறு ஆண்டுகளின் கல்யாணப் படங்கள் இருக்கின்றன. ஆல்பம் போட்டுக் கொடுக்க வேண்டிய வீடுகள் இன்னும் மூன்று. கடையில் காட்டியதற்கு, டிஸ்க் செத்துவிட்டது, புதிது வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறார்கள். மகன் இரண்டு நாட்களாகச் சரியாகச் சாப்பிடவில்லை. ஏதாவது வழி உண்டா?

– ஒரு வாசகர், மஞ்சக்குப்பம்

பதில்: இந்தப் பதிலை முதலில் உங்கள் மகனிடம் படிக்கக் கொடுங்கள். அவர் செய்த பிழையை இந்தத் தொழிலில் பல ஆண்டுகள் ஊறியவர்களும் செய்திருக்கிறார்கள். தொடக்க நாட்களில் நானும் ஒரு முறை செய்து, வாடிக்கையாளர் ஒருவரின் டிஸ்க்கைப் பழுதாக்கியிருக்கிறேன். நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகளை வைத்துப் பார்த்தால் படங்கள் இன்னும் டிஸ்க்கின் உள்ளே சுழலும் தட்டில் அப்படியே இருக்கவே வாய்ப்பு அதிகம். அந்த டிஸ்க்குக்கு மறுபடியும் மின்சாரம் கொடுத்துச் சோதிப்பதை மட்டும் இந்த நிமிடத்திலிருந்து நிறுத்திவிடுங்கள். கடையில், பக்கத்து வீட்டுக் கணினியில், நண்பரின் யூ.எஸ்.பி. பெட்டியில் என்று ஒவ்வோர் இடமாக மாட்டிப் பார்ப்பதுதான், பிழைக்க வேண்டிய டிஸ்க்குகளை உண்மையிலேயே சாகடிக்கிறது.

நடந்தது என்ன என்பதைச் சொல்கிறேன். மேசைக் கணினியில் இருக்கும் மூன்றரை அங்குல ஹார்டு டிஸ்க்குக்கு இரண்டு வகை மின்னழுத்தம் தேவை. தட்டுகளைச் சுழற்றும் மோட்டாருக்கு 12 வோல்ட். அடியில் இருக்கும் பச்சை நிற மின்சுற்றுப் பலகைக்கு 5 வோல்ட். எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து வரும் வயர்களில் மஞ்சள் 12 வோல்ட், சிவப்பு 5 வோல்ட், ஆரஞ்சு 3.3 வோல்ட், கறுப்பு கிரவுண்டு என்பது மெக்கானிக்குகள் எல்லோருக்கும் மனப்பாடம். ஹார்டு டிஸ்க்கில் செருகும் முனை, அதாவது சாட்டா பவர் கனெக்டர், உலகம் முழுவதும் ஒரே அமைப்பு கொண்டது. ஆனால் அதே கேபிளின் மறுமுனை, எஸ்.எம்.பி.எஸ். பெட்டியில் செருகும் முனை இருக்கிறதே, அதற்கு எந்தப் பொது விதியும் கிடையாது. எந்தத் துளையில் 12 வோல்ட், எந்தத் துளையில் 5 வோல்ட் என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி வைத்துக்கொள்கிறது. ஒரே நிறுவனத்தின் இரண்டு வரிசை மாடல்களுக்கு இடையில்கூட இது மாறுவதுண்டு. பிளாஸ்டிக் முனையின் வடிவம் மட்டும் பெரும்பாலும் ஒன்றுபோல் இருப்பதால், பழைய கேபிள் புதிய பெட்டியில் எந்தத் தடையும் இல்லாமல் சிக்கெனப் பொருந்திவிடும். போதாக்குறைக்கு, இவ்வகைக் கேபிள்களில் வயர்கள் எல்லாமே கறுப்பு நிறத்தில்தான் வருகின்றன. நிறத்தைப் பார்த்துச் சந்தேகப்படவும் வழியில்லை. இப்படி ஒரு கண்ணியை வைத்துவிட்டு, பயனர் கையேட்டின் மூலையில் ஒரு வரி எச்சரிக்கை போடுவது எனக்கு எப்போதுமே நியாயமாகப் பட்டதில்லை.

ஆகவே, உங்கள் மகன் பொத்தானை அழுத்திய நொடியில், 5 வோல்ட் போக வேண்டிய பின்னில் 12 வோல்ட் போயிருக்கிறது என்று கருதலாம். நல்லவேளையாக, ஹார்டு டிஸ்க் செய்பவர்கள் இதை எதிர்பார்த்தே ஒரு காவலாளியை நிறுத்தியிருக்கிறார்கள். பலகையில், மின்சாரம் நுழையும் இடத்துக்கு மிக அருகில், உடைத்த உளுந்து அளவில் இரண்டு கறுப்புத் துண்டுகள் இருக்கும். ஒரு ஓரத்தில் வெளிர்ந்த கோடு ஒன்று தெரியும். இவற்றுக்கு டி.வி.எஸ். டயோடு என்று பெயர். ஒன்று 5 வோல்ட் பாதைக்கு, மற்றொன்று 12 வோல்ட் பாதைக்கு. அளவுக்கு மீறிய அழுத்தம் வரும்போது அந்த டயோடு தன்னையே பலிகொடுத்து, வரும் மின்சாரத்தை அப்படியே கிரவுண்டுக்குத் திருப்பிவிடும். அதாவது ஷார்ட் ஆகிவிடும். எதிர்ப்புறத்தில் எஸ்.எம்.பி.எஸ். அந்த ஷார்ட்டைக் கண்டுகொண்டு, தன்னைக் காத்துக்கொள்ள உடனே நின்றுவிடும். விசிறி அரைச் சுற்றில் நின்றதற்கும், டிஸ்க்கைக் கழற்றினால் கணினி ஓடுவதற்கும் இதுவே காரணம். டிஸ்க்கில் எதுவுமே நடக்காமல், கணினி மட்டும் ஓடிக்கொண்டிருந்தால் எனக்குக் கவலை அதிகமாக இருந்திருக்கும். உங்கள் கணினி நின்றுபோவது காவலாளி கடமையைச் செய்ததற்கான அடையாளம்.

இதை உறுதிசெய்ய ஒரு மல்டிமீட்டர் போதும். டிஸ்க்கை எதனுடனும் இணைக்காமல், பலகை தெரியும்படி ஒரு துணியின் மேல் கவிழ்த்து வையுங்கள். இப்போது வரும் பல டிஸ்க்குகளில் பாகங்கள் எல்லாம் பலகையின் உட்புறமாகத் திரும்பியிருக்கும். அப்படியானால் நட்சத்திர வடிவ டி6 அல்லது டி8 திருப்புளியால் திருகுகளைக் கழற்றிப் பலகையை மட்டும் எடுக்க வேண்டும். பலகையைக் கழற்றுவதால் தட்டுகளுக்கு எதுவும் ஆகாது. அவை இருக்கும் உலோகப் பெட்டியின் மேல்மூடியைத்தான் எந்தக் காரணத்துக்காகவும் தொடக் கூடாது. மீட்டரை, இணைப்பு இருந்தால் கத்தும் கன்டினியூட்டி நிலையில் வைத்து, டயோடின் இரு முனைகளிலும் ஊசிகளை வைத்துப் பாருங்கள். பிறகு ஊசிகளை இடம் மாற்றி இன்னொரு முறை பாருங்கள். நல்ல டயோடு இரண்டு திசைகளிலும் பூச்சியத்துக்கு அருகில் காட்டாது. இரண்டு திசைகளிலும் மீட்டர் கத்தினால் அந்த டயோடு ஷார்ட் ஆகியிருக்கிறது.

ஷார்ட் ஆன டயோடைப் பலகையிலிருந்து எடுத்துவிட்டால், பல டிஸ்க்குகள் அடுத்த நொடியே சுற்றத் தொடங்கும். டயோடு பாதையின் குறுக்கே நிற்கும் பாதுகாப்புப் பாகமே ஆகையால், அது இல்லாமலும் டிஸ்க் வேலை செய்யும். ஆனால் சாதாரண சால்டரிங் அயர்னைக் கையில் பிடித்துப் பழகாதவர் இதில் இறங்கக் கூடாது. கைபேசி பழுதுபார்க்கும் கடைகளில் ஹாட் ஏர் கருவியும் பூதக்கண்ணாடியும் வைத்து, இதைவிடச் சிறிய பாகங்களை நாள் முழுவதும் எடுத்து வைப்பவர்கள் கடலூரிலும் புதுச்சேரியிலும் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஒருவரிடம் பலகையை மட்டும் எடுத்துச் சென்று, மீட்டரில் கத்தும் அந்த ஒரு டயோடை மட்டும் எடுத்துத் தரச் சொல்லுங்கள். உலோகப் பெட்டியை வீட்டிலேயே வைத்துவிட்டுச் செல்வது நல்லது. கீழே விழும் ஆபத்தாவது இருக்காது.

பலகை கையில் இருக்கும்போதே இன்னொன்றையும் கவனியுங்கள். பலகையின் உட்பக்கத்தில், தட்டில் எழுதிப் படிக்கும் தலைகளோடும் மோட்டாரோடும் தொடர்புகொள்ளும் சிறு சிறு பட்டைகள் வரிசையாக இருக்கும். நம் கடற்கரை ஊர்களின் உப்புக் காற்றில் இவை கறுத்துப்போவது சாதாரணம்; கடலூர் முதுநகரிலிருந்து வரும் கணினிகளில் கேபினெட் திருகுகளே பச்சை பூத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் பென்சில் ரப்பரால் அந்தப் பட்டைகளை மெல்லத் தேய்த்து, துகள்களை மென்தூரிகையால் தட்டிவிட்டு மாட்டுங்கள்.

திரும்ப மின்சாரம் கொடுக்கும்போது, பழைய கேபிள் அந்த அறையிலேயே இருக்கக் கூடாது. புதிய எஸ்.எம்.பி.எஸ்.ஸோடு பெட்டியில் வந்த கேபிளை மட்டும் பயன்படுத்துங்கள். அதையும், டிஸ்க்கை மாட்டும் முன் எஸ்.எம்.பி.எஸ். டெஸ்டரில் செருகி, 12 வோல்ட் பாதை 11.4க்கும் 12.6க்கும் இடையிலும், 5 வோல்ட் பாதை 4.75க்கும் 5.25க்கும் இடையிலும் இருப்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். இப்போது டிஸ்க்குக்குக் காவலாளி கிடையாது. இன்னொரு தவறு நேர்ந்தால் அது நேராக உள்ளே போய்விடும்.

டிஸ்க் சுற்றி, கணினியும் அதை அடையாளம் கண்டுகொண்டால், ஆல்பம் போட வேண்டிய மூன்று வீட்டுப் படங்களை முதலில் எடுங்கள். பிறகு, குறைந்தது அதே அளவு கொண்ட புதிய டிஸ்க் ஒன்றில் முழுவதையும் நகலெடுங்கள். விண்டோஸ் திறந்தவுடன் 'டிஸ்க்கைச் சரிபார்க்கவா?' என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்தச் சரிபார்ப்பு டிஸ்க்கில் எழுதக்கூடியது, இந்த நிலையில் ஓர் எழுத்துகூட அதில் எழுதப்படக் கூடாது. லினக்ஸில் இயங்கும் டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருள் இந்த வேலைக்கென்றே செய்யப்பட்டது. நன்றாகப் படிக்க முடிகிற பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, அடம்பிடிக்கும் பகுதிகளுக்குக் கடைசியில் திரும்பிவரும். எதுவரை எடுத்தது என்பதைத் தனிக் கோப்பில் குறித்துவைத்துக்கொள்வதால், நடுவில் மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். நல்ல நிலையில் உள்ள டிஸ்க்கில் 2 டெராபைட் எடுக்க நான்கிலிருந்து ஆறு மணி நேரம் ஆகும். கணினியை யூ.பி.எஸ்.ஸில் வைத்து, அந்த நேரம் முழுவதும் வேறு வேலை கொடுக்காமல் விடுங்கள். படங்கள் வெளியே வந்த பிறகு, அந்தப் பழைய டிஸ்க்கை வேலைக்குப் பயன்படுத்த வேண்டாம்.

டயோடை எடுத்த பிறகும் சுற்றவில்லை என்றால், அல்லது இரண்டு டயோடுகளும் மீட்டரில் சரியாகவே காட்டினால், பழுது அடுத்த படிக்குப் போயிருக்கிறது. பலகையில் இருக்கும் ஃபியூஸ் போன்ற சிறு ரெசிஸ்டர் அறுந்திருக்கலாம். மோட்டாரை இயக்கும் சிப் வெந்திருக்கலாம். அப்போது பலரும் செய்வது, அதே மாடல் டிஸ்க் ஒன்றை வாங்கி அதன் பலகையை இதில் மாட்டுவது. முன்பெல்லாம் இது பலித்தது, இன்று பலிக்காது. ஒவ்வொரு டிஸ்க்கும் தொழிற்சாலையில் தனித்தனியே அளவுதிருத்தம் செய்யப்படுகிறது. தன் தலைகளுக்கும் தட்டுகளுக்கும் உரிய அந்தக் கணக்கு, பலகையில் உள்ள எட்டுக் கால் ரோம் (ROM) சிப் ஒன்றில் இருக்கிறது. அந்தச் சிப்பைப் பழைய பலகையிலிருந்து எடுத்துப் புதியதில் வைத்தால்தான் டிஸ்க் தன்னை அறிந்துகொள்ளும். சில மாடல்களில் அந்தக் கணக்கு முதன்மைச் சிப்புக்குள்ளேயே இருப்பதால் அதுவும் முடியாது. ஆகவே பழைய பலகையை எக்காரணம் கொண்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இந்தக் கட்டத்தில் வேலை, தரவு மீட்புக்கென்றே இருக்கும் ஆய்வுக்கூடத்துக்கு உரியது. செலவு ஆயிரங்களில் போகும். உயர் அழுத்தம் உலோகப் பெட்டிக்குள் இருக்கும் தலைகளின் பெருக்கிச் சுற்றுவரை எட்டியிருந்தால், தூசியற்ற அறையில் தலைகளையே மாற்ற வேண்டிவரும். நீங்கள் விவரித்ததில் அதற்கான அறிகுறி எதுவும் எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: புதுச்சேரி முத்தியால்பேட்டையில் வசிக்கிறேன். எஸ்.எம்.பி.எஸ். பழுதானதால், 450 வாட் என்று அச்சிட்ட விலை குறைந்த ஒன்றை வாங்கி மாட்டினார்கள். கேபிள் பெட்டியோடு ஒட்டியே வருவதால், மாற்றிச் செருகும் பேச்சே இல்லை. அதிலிருந்து ஹார்டு டிஸ்க் 'டிக், டிக்' என்று சத்தமிட்டு, சுற்றத் தொடங்கி நின்றுபோகிறது. சில நேரம் கணினியில் தெரிகிறது, சில நேரம் தெரியவில்லை. பிளாஸ்டிக் உறையில் சுற்றி, ஓர் இரவு ஃப்ரீசரில் வைத்தால் சரியாகும் என்று உறவினர் சொல்கிறார். செய்யலாமா?

– ஒரு வாசகி, முத்தியால்பேட்டை

பதில்: தயவுசெய்து ஃப்ரீசரில் வைக்காதீர்கள். குளிர்ந்த பொருளை வெளியே எடுத்த உடன் அதன் மேல் நீர் பூப்பதைக் குளிர்ந்த சொம்பில் தினமும் பார்க்கிறோம். புதுச்சேரியின் ஈரக் காற்றில் அது இன்னும் வேகமாக நடக்கும். டிஸ்க்கின் உள்ளே, தலை தட்டின் மேல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதந்து செல்கிறது. நம் தலைமுடி ஒன்றின் பருமன் அதைப்போல் ஆயிரக்கணக்கான மடங்கு. அந்த இடைவெளியில் ஈரம் படிந்தால், மீட்க எதுவும் மிஞ்சாது.

உங்கள் விஷயத்தில் டிஸ்க்கைக் குற்றம் சொல்லும் முன், புதிய எஸ்.எம்.பி.எஸ்.ஸைச் சந்தேகப்படுவது முறை. மூன்றரை அங்குல டிஸ்க் ஓடும்போது எட்டு வாட் அளவே எடுத்தாலும், நின்ற நிலையிலிருந்து தட்டுகளைச் சுழற்றி எழுப்பும் அந்தச் சில நொடிகளில் 12 வோல்ட் பாதையில் 2 ஆம்பியர் வரை கேட்கும். பெட்டியின் மேல் அச்சிட்ட வாட் எண்ணைவிட, பக்கத்தில் ஒட்டியுள்ள பட்டியலில் 12 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர் என்று போட்டிருக்கிறது என்பதே முக்கியம். மலிவான பலவற்றில் அந்த எண்ணும் மொத்த வாட்டும் பெருக்கிப் பார்த்தால் ஒத்துவராது. அந்தச் சில நொடிகளில் மின்னழுத்தம் 11.4 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தால், மோட்டார் பாதியில் கைவிடும், தலை திரும்பிப் போய் ஒதுங்கும், பிறகு மறுபடியும் முயலும். நீங்கள் கேட்கும் 'டிக், டிக்' அதுவாகவும் இருக்கலாம்.

கணினி இயங்கும்போது, காலியாக இருக்கும் நான்கு துளை மோலெக்ஸ் முனையில் மல்டிமீட்டரை வைத்து, மஞ்சளுக்கும் கறுப்புக்கும் இடையிலான வோல்ட்டைத் தெரிந்தவர் ஒருவரைக் கொண்டு பாருங்கள். ஒரு கேபிளை இரண்டாக, மூன்றாகப் பிரிக்கும் துண்டுக் கேபிள்கள் நடுவில் இருந்தால் அவற்றை எடுத்துவிட்டு டிஸ்க்கை நேராக இணையுங்கள். சாட்டா டேட்டா கேபிளும், பெட்டியை மாற்றும்போது இழுபட்டுத் தளர்ந்திருக்கலாம். புதிய கேபிள் ஒன்றைப் போட்டுப் பார்ப்பதற்கு அதிகச் செலவில்லை. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் பதிவேட்டைத் திறந்தால், 199ஆம் எண்ணில் வரும் கணக்கு கேபிள் பிழைகளைக் காட்டும். 5, 197, 198 ஆகிய எண்களில் கணக்கு ஏறியிருந்தால், தட்டிலேயே படிக்க முடியாத இடங்கள் உருவாகியிருக்கின்றன என்று பொருள்.

இவ்வளவுக்குப் பிறகு, நன்றாக இயங்குகிறது என்று உறுதியாகத் தெரிந்த வேறொரு கணினியில் ஒரே ஒரு முறை மாட்டிப் பாருங்கள். அங்கே சத்தமில்லாமல் சுற்றினால், குற்றம் எஸ்.எம்.பி.எஸ்.ஸுடையது, அந்தக் கணினியிலேயே வைத்து உடனே நகலெடுங்கள், டிஸ்க்கைத் திரும்ப உங்கள் வீட்டுப் பெட்டியில் மாட்ட வேண்டாம். அங்கேயும் அதே சத்தம் வந்தால், தலை பழுதாகியிருக்கிறது. இன்னொரு முறை, இன்னொரு முறை என்று சுற்றவிடும் ஒவ்வொரு தடவையும், பழுதான தலை தட்டின் பூச்சை உரசிக்கொண்டே போகக்கூடும். ஆகவே நிறுத்தி, மீட்பு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவது ஒன்றே வழி.

உங்கள் கடிதத்தில் பழைய எஸ்.எம்.பி.எஸ். ஏன் போனது என்று இல்லை. இதை இரு ஊர் வாசகர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிய பிறகும், 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்த பிறகும், மின்கம்பங்கள் சாய்ந்து, மின்சாரம் திரும்பக் காத்திருந்தோம். சாதாரணக் காற்று மழைக்குப் பிறகும் இது உண்டு. மின்சாரம் திரும்பும் அந்த முதல் நிமிடங்கள்தான் ஆபத்தானவை. தெருவுக்கு வரும் மும்முனை இணைப்பில் நியூட்ரல் வயர் அறுந்தோ தளர்ந்தோ இருந்தால், 230 வோல்ட் வர வேண்டிய வீட்டில் 400 வோல்ட்டை நெருங்கும் அளவுக்கு அழுத்தம் ஏறக்கூடும். சுவரில் உள்ள சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. மழைக்காலத்தில் மின்சாரம் போனவுடன் கணினியின் பிளக்கையே பிடுங்கிவிட்டு, விளக்கும் மின்விசிறியும் கால் மணி நேரம் சீராக ஓடிய பிறகு செருகுங்கள். ஒரு முறை எஸ்.எம்.பி.எஸ். போன வீட்டில், புதியதை மாட்டும் முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தையும் நியூட்ரலையும் பார்த்துவிடுவது அவசியம். இல்லாவிட்டால் அடுத்ததும் அதே வழியில் போகும்.

கேள்வி: லாஸ்பேட்டையில் தங்கிப் படிக்கும் கல்லூரி மாணவன். வெளியே வைக்கும் 8 டெராபைட் யூ.எஸ்.பி. டிஸ்க்கின் உறையைப் பிரித்து, உள்ளே இருந்த டிஸ்க்கைக் கணினியில் மாட்டியிருந்தேன். பழைய எஸ்.எம்.பி.எஸ்.ஸில் மோலெக்ஸ் அடாப்டர் வழியாக ஓராண்டு ஓடியது. புதியதை மாற்றி, அதன் சாட்டா கேபிளில் நேராகச் செருகியதும் டிஸ்க் சுற்றவே இல்லை. கருகல் வாடை இல்லை, சத்தமும் இல்லை. கணினி மட்டும் இயங்குகிறது. புதிய எஸ்.எம்.பி.எஸ். அதைக் கொன்றுவிட்டதா?

– ஒரு மாணவர், லாஸ்பேட்டை

பதில்: உங்கள் டிஸ்க்குக்குப் பெரும்பாலும் எந்தக் கேடும் இல்லை, சுற்றாதே என்று கட்டளை பெற்று அமைதியாக இருக்கிறது. சாட்டா பவர் முனையில் பதினைந்து பின்கள் உண்டு. அவற்றில் முதல் மூன்றும் 3.3 வோல்ட்டுக்கு ஒதுக்கப்பட்டிருந்தாலும், ஹார்டு டிஸ்க்குகள் அவற்றைப் பெரிதாகப் பயன்படுத்தியதில்லை. பின்னர் வந்த சாட்டா விதிகளின் 3.3ஆம் பதிப்பில், மூன்றாவது பின்னுக்குப் புதிய வேலை கொடுத்தார்கள்: அதில் மின்சாரம் இருந்தால் டிஸ்க் அணைந்தே இருக்க வேண்டும். ஆயிரக்கணக்கான டிஸ்க்குகள் உள்ள தரவு மையங்களில், தொங்கிப்போன ஒன்றைத் தூரத்திலிருந்தே அணைத்து எழுப்புவதற்கான ஏற்பாடு அது. வெளியே வைக்கும் பெரிய டிஸ்க்குகளின் உறைக்குள் இந்த வகைதான் பலவற்றில் இருக்கிறது. மோலெக்ஸ் முனையில் 3.3 வோல்ட்டே கிடையாது என்பதால் ஓராண்டு ஓடியது, புதிய எஸ்.எம்.பி.எஸ்.ஸின் சாட்டா கேபிளில் அது இருப்பதால் நின்றது.

டிஸ்க்கின் பவர் முனையில், டேட்டா முனையை ஒட்டிய பக்கத்திலிருந்து எண்ணினால் வரும் முதல் மூன்று பின்களையும், வெப்பம் தாங்கும் காப்டன் டேப்பால் குறுகலாக வெட்டி மூடிவிடுங்கள். மூன்றாவதை மட்டும் மூடினாலே போதும். ஆனால் அவ்வளவு நெருக்கமான பின்களில் ஒன்றை மட்டும் மூடுவது கைக்குச் சிரமம், மற்ற இரண்டையும் மூடுவதால் கெடுதியும் இல்லை. மீண்டும் மோலெக்ஸ் அடாப்டரே போதும் என்று நினைத்தால், வயர்கள் பிளாஸ்டிக்கோடு சேர்த்து உருக்கி வார்க்கப்பட்ட வகையை வாங்காதீர்கள். அதற்குள் வயர் இழைகள் நகர்ந்து ஒன்றையொன்று தொட்டு, முனையே உருகித் தீப்பிடித்த நிகழ்வுகள் பல உண்டு. வயர் ஒவ்வொன்றும் தனித்தனித் துளையில் அழுத்திப் பொருத்தப்பட்ட வகையாகப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: நெல்லிக்குப்பத்திலிருந்து எழுதுகிறேன். புதுச்சேரியில் ஒரு கடையில் வீட்டுக் கணினிக்கு எஸ்.எம்.பி.எஸ். மாற்றக் கொடுத்தேன். திரும்ப வந்தபோது ஹார்டு டிஸ்க் இயங்கவில்லை. 'ஏற்கெனவே போயிருக்கும், எங்களுக்குப் பொறுப்பில்லை' என்கிறார்கள். டிஸ்க்குக்கு இன்னும் வாரண்டி இருக்கிறது. என்ன செய்யலாம்?

– ஒரு வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: டிஸ்க் நிறுவனத்தின் வாரண்டி, டிஸ்க் என்ற பொருளுக்கு மட்டுமே, உள்ளே இருந்த தரவுக்கு எந்த நிறுவனமும் பொறுப்பேற்பதில்லை. மேலும், வாரண்டியில் கொடுத்த டிஸ்க் திரும்பி வராது, அதற்குப் பதிலாக வேறொன்றே வரும். பலகையைக் கழற்றினால் வாரண்டியும் போய்விடும். எனவே உள்ளே இருப்பது வேண்டுமா, புதிய டிஸ்க் வேண்டுமா என்பதை வீட்டில் முதலில் முடிவுசெய்துகொள்ளுங்கள்.

கடையைப் பொறுத்தவரை, கணினியைக் கொடுத்தபோது பெற்ற சர்வீஸ் ரசீது, பணம் செலுத்திய பில், அதன் பிறகு கைபேசியில் பரிமாறிய செய்திகள் ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள். முதலில், விரைவுத் தபாலில் அமைதியான சொற்களில் ஒரு கடிதம் அனுப்புங்கள்: எந்தத் தேதியில் கொடுத்தீர்கள், அப்போது கணினியில் எது வேலை செய்தது, திரும்ப வந்தபோது என்ன நிலை என்பவை மட்டும் இருக்கட்டும். மாட்டிய எஸ்.எம்.பி.எஸ்.ஸின் மாடல் எண்ணையும், அதில் பயன்படுத்திய கேபிள் எங்கிருந்து வந்தது என்பதையும் எழுத்தில் தரும்படி கேளுங்கள். மஞ்சக்குப்பம் வாசகருக்கு நேர்ந்ததே உங்களுக்கும் நேர்ந்ததா என்பது அந்த ஒரு பதிலில் தெரிந்துவிடும். பதில் வராவிட்டால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யலாம். அதற்கும் தீராவிட்டால், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சேவைக் குறைபாடு என்று இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்கலாம். கடை புதுச்சேரியில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் கடலூர் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே மனுக் கொடுக்க அந்தச் சட்டம் இடம் தருகிறது; செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணமும் கிடையாது. அதுவரை அந்த டிஸ்க்கை இப்போது இருக்கும் நிலையிலேயே, வரிசை எண் தெரியும்படி படம் எடுத்து, ஒரு உறையில் போட்டு வையுங்கள்; கடைக்காரர் 'இன்னொரு முறை பார்க்கிறோம்' என்று கேட்டாலும், எழுத்தில் ரசீது தராமல் கொடுத்துவிடாதீர்கள்.